குப்பம் தம்பிக்கு, தக்காளி ஊசிப்புழுவைப் பற்றி

ஆந்திராவில் குப்பம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நட்டு 70 நாள் ஆகிறது. இலைகள் தீய்ந்த மாதிரி காய்ந்து வருகின்றன. காயில் காம்படியில் ஊசியால் குத்தின மாதிரி ஓட்டை. மருந்துக் கடையில் "இலைத்துளைப்பான்" என்று சொல்லிக் கொடுத்ததை நாலு முறை அடித்தும் நிற்கவில்லை. இது என்ன பூச்சி, எந்த மருந்துக்குக் கேட்கும், அடுத்த நடவிலும் வருமா என்று மூன்று கேள்விகள்.

நான் எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் தக்காளி வைப்பவன். வேளாண்மை படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தேன். இந்தப் பூச்சியிடம் ஒரு கொல்லையை முழுசாக இழந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தம்பி, நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ஊசிப்புழு. டூட்டா அப்சல்யூட்டா என்று அறிவியல் பெயர். ஆனால் என் பேச்சை நம்பி மருந்து வாங்க வேண்டாம், முதலில் நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். காலை வெயிலில் ஒரு கெட்டுப்போன இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். நமக்குப் பழக்கமான இலைத்துளைப்பான் ஒரு சின்ன ஈயின் புழு. அது இலைக்குள் பாம்பு ஊர்ந்த தடம் போல வெள்ளையாக ஒரே கோடு போட்டுக்கொண்டே போகும். ஊசிப்புழு கோடு போடாது. இலையின் மேல்தோலையும் கீழ்தோலையும் விட்டுவிட்டு நடுவில் இருக்கும் பச்சையை மட்டும் திட்டுத் திட்டாகத் தின்னும். அந்த இடம் கண்ணாடிக் காகிதம் போலத் தெரியும். உள்ளே ஒரு மூலையில் கறுப்பாக அதன் எச்சம் குவிந்திருக்கும். உயிரோடு இருந்தால் புழு நெளிவதே தெரியும். ஊசி முனையால் தோலைக் கிழித்து வெளியே எடுத்துப் பாருங்கள். வெளிர் பச்சை, வளர்ந்ததில் லேசான ரோஸ் நிறம், தலைக்குப் பின்னால் மெல்லிய கறுப்புப் பட்டை, மார்பில் கால்கள். ஈயின் புழுவுக்குக் காலே கிடையாது. இந்த ஒரு சோதனை போதும்.

காயிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய காய்ப்புழு போடுவது வட்டமான பெரிய ஓட்டை, பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு தின்னும். ஊசிப்புழு பெரும்பாலும் காம்பின் பச்சை இதழுக்கு அடியில் குண்டூசி அளவு துளை போட்டு உள்ளே போய்விடும். பறிக்கும்போது கண்ணில் படாது. மண்டிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தத் துளை வழியாக அழுகல் ஏறும். கிரேட்டைத் திறக்கும்போது மேல் வரிசை நன்றாகவும் அடி வரிசை தண்ணீர் விட்டும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடைக்காரர் பெயரை மாற்றிச் சொன்னதால் என்ன நட்டம் என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. ஈயின் புழு ஒரு இலைக்குள்ளேயே வளர்ந்து முடிந்துவிடும். அதனால் செடி சாகாது, நல்ல செடி அதைத் தாங்கிக்கொண்டு காய்க்கும். ஊசிப்புழு ஒரு இலையை விட்டு வெளியே வந்து இன்னொரு இலைக்குள் போகும், குருத்துக்குள் போகும், தண்டுக்குள் போகும், காய்க்குள்ளும் போகும். கவனிக்காமல் விட்டால் 80, 90 சதவீதம் விளைச்சல் போகும் என்று பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. முழுக் கொல்லையும் போன இடங்களும் உண்டு.

இது நம் மண்ணின் பூச்சி இல்லை. 1917இல் எட்வர்ட் மேரிக் என்ற ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர், பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் இருக்கும் உவான்காயோ என்ற ஊரிலிருந்து வந்த அந்துப்பூச்சியைப் பார்த்து இதற்குப் பெயர் வைத்தார். 1960களிலிருந்து தென் அமெரிக்காவில் ஒவ்வொரு நாடாகத் தக்காளியைப் பிடித்தது. 2006இல் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தது. மரபணு ஆய்வுகள் அதன் வேரைச் சிலி நாட்டில் காட்டுகின்றன. அங்கிருந்து மத்தியதரைக் கடலைச் சுற்றி, துருக்கி, மேற்கு ஆசியா வழியாக 2014இல் இந்தியா வந்துவிட்டது. முதலில் மகாராஷ்டிரத்தில், புனே பக்கம் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நாளிலேயே கர்நாடகம், ஆந்திரா, தமிழ்நாடு. நம் பகுதி தப்பித்திருக்க வழியே இல்லை. மதனப்பள்ளி, கோலார், வி.கோட்டா, ராயக்கோட்டை, பாலக்கோடு என்று இத்தனை தக்காளி மண்டிகளும் அவற்றுக்கிடையே ஓடும் இத்தனை லாரிகளும் இருக்கும் இடம் நாட்டிலேயே குறைவு. லாரியில் போவது காய் மட்டும் இல்லை. காலி கிரேட்டின் மூலையில் ஒட்டியிருக்கும் காய்ந்த இலையில் கூட்டுப்புழு இருக்கும். காம்படியில் முட்டை இருக்கும். மூன்று மாநிலத்து கிரேட்டும் ஒரே மண்டியில் கலந்து, யாருடையது யாரிடம் போகிறது என்றே தெரியாமல் திரும்பி வருகிறது.

வந்த இடத்தில் அது இவ்வளவு பெருகக் காரணம் அதன் கணக்கு. ஒரு பெண் அந்து 260 முட்டை வரை வைக்கும். இளம் இலையின் அடிப்பக்கத்தில், தளிர்த்தண்டில், காய் இதழில் ஒவ்வொன்றாக வைக்கும். முட்டை நாலைந்து நாளில் பொரிந்துவிடும். புழு நாலு பருவம் தாண்டி ஏழெட்டு மில்லிமீட்டர் வளர்ந்து, பெரும்பாலும் நூலில் இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழு ஆகும். சிலது இலைக்குள்ளேயே ஆகிவிடும். சராசரி 27 டிகிரி வெப்பத்தில் முட்டையிலிருந்து அந்து வரை 24 நாள் போதும். 20 டிகிரியில் 40 நாள் ஆகும், 14 டிகிரியில் 76 நாள் வரை இழுக்கும். அதனால்தான் மார்கழிக் குளிரில் அடங்கியிருப்பது போல இருந்து மாசி, பங்குனியில் திடீரென்று கொல்லை எரிகிறது. குச்சி நட்டுக் கட்டிய கலப்பினத் தக்காளி நடவிலிருந்து கடைசிப் பறிப்பு வரை நாலு நாலரை மாதம் நிற்கிறது. அந்த ஒரே பயிருக்குள் ஐந்து தலைமுறை ஓடிவிடும். உங்கள் கொல்லை 70ஆம் நாள் என்றால் இப்போது இருப்பது மூன்றாம் தலைமுறையாக இருக்கலாம். முதல் தலைமுறையை நாம் யாருமே பார்ப்பதில்லை. கீழ் இலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருக்கும்.

அந்து சாம்பல் நிறம், இறக்கையில் கரும்புள்ளி, நம் அரிசி மூட்டையில் பறக்கும் அந்துவைவிடவும் சிறியதாகத் தோன்றும், ஆறேழு மில்லிமீட்டர் நீளம்தான். பகலில் இலைகளுக்குள் ஒளிந்திருந்து, பொழுது சாயும்போதும் விடியும்போதும் பறக்கும். சாயங்காலம் ஆறரை மணிக்குச் செடியை லேசாகத் தட்டிப் பாருங்கள், பறப்பது தெரியும்.

சரி, மருந்து. உங்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஆனால் நாலு முறை அடித்தது ஏன் பலிக்கவில்லை என்று முதலில் சொல்கிறேன். புழு இரண்டு தோலுக்கு நடுவில் இருக்கிறது. மேலே பட்டால்தான் கொல்லும் மருந்து அதைத் தொடவே தொடாது. செயற்கைப் பைரித்ராய்டு வகைகளை இந்தப் பூச்சி தென் அமெரிக்காவிலேயே பழகிவிட்டது, அந்தப் பழக்கத்தோடுதான் வந்திருக்கிறது. அவற்றை அடித்தால் சாவது சிலந்தியும் நன்மை செய்யும் பூச்சிகளும்தான். அப்புறம் வெள்ளை ஈயும் சேர்ந்து பெருகும்.

இலைக்குள் ஊடுருவும் மருந்துகள் கேட்கும். குளோரான்ட்ரானிலிப்ரோல், சயான்ட்ரானிலிப்ரோல், ஃபுளூபென்டியமைடு எல்லாம் அந்த வரிசைதான். இங்கேதான் நம் ஆட்கள் பெரிய தவறு செய்கிறார்கள். இவற்றின் கடைப்பெயர்களைப் பார்த்து, ஒரு வாரம் கொராஜன், அடுத்த வாரம் ஃபேம், அதற்கடுத்த வாரம் பெனிவியா என்று அடித்துவிட்டு, மருந்தை மாற்றி மாற்றி அடித்தேன் என்கிறார்கள். மூன்றும் ஒரே குழு. பூச்சிமருந்துகளைத் தாக்கும் விதத்தை வைத்துப் பிரித்த பட்டியலில் டையமைடு என்ற 28ஆம் குழு. புழுவின் தசையில் மூன்றும் தாக்குவது ஒரே இடத்தை. ஒன்றுக்குப் பழகிய புழு மற்ற இரண்டுக்கும் பழகிவிடும். இத்தாலியிலும் கிரீஸிலும் 2015 வாக்கிலேயே இந்தக் குழுவுக்கு எதிர்ப்பு வந்துவிட்டது. டப்பாவின் பெயரையும் கம்பெனியையும் மாற்றுவது மாற்றம் ஆகாது, குழு மாற வேண்டும். இண்டாக்சாகார்ப் வேறு குழு. ஸ்பைனோசாட், ஸ்பைனிடோரம் இரண்டும் சேர்ந்து இன்னொரு குழு. எமாமெக்டின் வேறொன்று. 25, 30 நாளை ஒரு தலைமுறை என்று வைத்துக்கொண்டு, இந்தத் தலைமுறைக்கு ஒரு குழுவைப் பயன்படுத்தினால் அடுத்த தலைமுறைக்கு அந்தக் குழுவின் பக்கமே போகாதீர்கள். நான் காலண்டரில் எழுதி வைக்கிறேன், மருந்துப் பெயரை இல்லை, குழு எண்ணை.

அளவை நான் இங்கே எழுதவில்லை. லேபிளில் தக்காளிக்கு என்று இருக்கிறதா, என்ன அளவு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற மூன்றையும் படித்துவிட்டு அடியுங்கள், அல்லது உங்கள் ஊரில் அரசின் விவசாயிகள் சேவை மையமான ரைது சேவா கேந்திரத்தில் கேளுங்கள். கடைசி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். தக்காளி மூன்று நாளுக்கு ஒரு முறை பறிக்கும் பயிர். இன்று மாலை அடித்து நாளை காலை பறித்த காய் சென்னையில் ஒரு குழந்தையின் தட்டில் பச்சையாகவே விழும். பறிப்பு முடிந்த அன்று மாலை அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். இளம்புழுவாக இருக்கும்போது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா மருந்தும் வேப்பெண்ணெயிலிருந்து எடுக்கும் அசாடிராக்டினும் நன்றாகவே உதவும். நட்ட முதல் மாதத்தில் நான் இவை இரண்டை மட்டும் அடிக்கிறேன், பலமான மருந்தைக் காய்ப்பருவத்துக்கு மிச்சம் வைக்கிறேன்.

இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். பெண் அந்தின் வாசனை ஏற்றிய லூர் என்ற துண்டை வைத்து ஆண் அந்தை இழுக்கும் பொறி அது. வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கடையில் சும்மா "தக்காளிப் புழு லூர்" என்று கேட்டால் காய்ப்புழுவின் லூரை எடுத்துக் கொடுப்பார்கள். அதில் ஊசிப்புழு அந்து விழாது. டூட்டா லூர் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய பேசினில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரோ எண்ணெயோ விட்டு, அதற்கு மேல் லூரைத் தொங்கவிட்டால் போதும், விலை கொடுத்துப் பொறி வாங்க வேண்டியதில்லை. உயரத் தொங்கவிடாதீர்கள், தரைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நிறைய விழும். நடவுக்கு ஒரு வாரம் முன்பே ஏக்கருக்கு இரண்டு மூன்று வைத்தால் பூச்சி வந்ததும் தெரிந்துவிடும். பிடித்துக் குறைப்பதற்கு என்றால் ஏக்கருக்கு 15, 20 வேண்டும். விழுவது ஆண் மட்டும் என்பதை மறக்காதீர்கள். பக்கத்துக் கொல்லையில் ஏற்கனவே ஆணோடு இணைசேர்ந்துவிட்டு வரும் பெண் அந்து பொறியைத் திரும்பிக்கூடப் பார்க்காது, நேராகச் செடிக்குப் போய் முட்டை வைக்கும். மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈக்கு நல்லது, இதற்குப் பெரிய பயன் இல்லை.

இயற்கை எதிரிகள் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மரவள்ளி, மல்பெரி வரை அழித்தபோது, 2010இல் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. ஊசிப்புழுவுக்கு அப்படி ஒற்றை ஆளாக வந்து முடித்துக் கொடுக்கும் எதிரி நம் வயல்களில் இன்னும் நிலைக்கவில்லை. முட்டையைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சி ஒன்று நம் தக்காளியிலேயே இருக்கிறது, டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியும் உதவும். மிரிட் பூச்சிக்கு இரை தீர்ந்தால் தக்காளித் தண்டையே குத்தி உறிஞ்சும் குணம் உண்டு. ஆனாலும் அது இருப்பது நல்லதுதான். கண்ட மருந்தை அடித்து அதை அழித்துவிடாதீர்கள்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. அடுத்த நடவிலும் வருமா? எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஊசிப்புழுவின் தலையெழுத்து பயிர் நடும்போது முடிவாவதில்லை, பயிரை முடிக்கும்போது முடிவாகிறது.

2017 கோடையில் எனக்கு நடந்தது இது. நான் புதிதாக நட்டு 25 நாள். எனக்கு மேற்கே இரண்டு ஏக்கரில் ஒருவர் தக்காளி வைத்திருந்தார், காய் முற்றி நின்றது. விலை அப்படியே விழுந்துவிட்டது. பறிக்கும் கூலியும் வண்டி வாடகையும் சேர்ந்தால் மண்டியில் கிடைப்பதைவிட அதிகம். அவர் பறிப்பதை நிறுத்தினார், தண்ணீரையும் நிறுத்தினார். செடி காய்ந்து, காய் தரையில் கொட்டி அழுகியது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கடன் வாங்கி வைத்த பயிரை அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்பவனிடம் போய் ஆள் வைத்துப் பிடுங்கு என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் அந்த இரண்டு ஏக்கரிலும் ஒவ்வொரு அழுகிய காயிலும் புழு இருந்தது. செடி காயக் காய அத்தனை அந்தும் பச்சை தேடிக் கிளம்பியது. பக்கத்தில் இருந்த ஒரே பச்சை என்னுடையது. 12 நாளில் என் செடியில் குருத்தே இல்லை. எந்த மருந்துக்கும் நிற்கவில்லை. மருந்து சரியில்லை என்பதில்லை, தினமும் புதிது புதிதாகப் பறந்து வந்துகொண்டே இருந்தது.

விலை ஏறினாலும் இதே கதை வேறு விதமாக நடக்கும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, முடிக்க வேண்டிய பழைய கொல்லைகளை எல்லாம் உரம் போட்டு நீட்டினார்கள். இன்னும் பத்துப் பெட்டி கிடைக்குமே என்று. யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வோம். பழைய செடியும் புதிய நடவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பூச்சிக்குப் பந்தி எடுக்காமல் சாப்பாடு.

அதனால் கடைசிப் பறிப்பு முடிந்த வாரமே செடியைப் பிடுங்குங்கள். பிடுங்கி வரப்பில் போடாதீர்கள், அதில்தான் கூட்டுப்புழு அந்தாகும். ஓரமாகக் குவித்து, பழைய மல்ச்சிங் ஷீட்டோ பாலித்தீன் தாளோ போட்டு மூடி, ஓரத்தை மண்ணால் அணைத்து, மூன்று நாலு வாரம் வெயிலில் விடுங்கள். உள்ளே வேகும் சூட்டில் புழு தாங்காது. தாள் இல்லையென்றால் முழங்காலுக்கு மேல் ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். புழுத் தின்ற காயைப் பறிக்கும்போதே தனி வாளியில் எடுத்து அதிலேயே போடுங்கள். கால்வாயிலும் ரோட்டோரத்திலும் கொட்டினால் எதிர்க்கரைக் கொல்லைக்கு விதைத்த மாதிரி. மருந்து அடித்த செடியில் ஆடு மாட்டை விடாதீர்கள். பிறகு நிலத்தை ஆழ உழுது காயவிட்டு, ராகியோ மக்காச்சோளமோ சாமந்தியோ வையுங்கள். கத்திரியும் உருளைக்கிழங்கும் வேண்டாம், அவை தக்காளியின் சொந்தக்காரர்கள், ஊசிப்புழு அங்கேயும் வாழும். வரப்பில் நிற்கும் மணத்தக்காளியும் ஊமத்தையும்கூட அதற்கு இடம் கொடுக்கும். கீரைக்காக மணத்தக்காளி வைத்திருந்தால் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருங்கள்.

அடுத்த நடவுக்கு நாற்று வாங்கும்போது குழித்தட்டைக் கையில் எடுத்து இலையின் அடியைப் பாருங்கள். நாற்றங்காலுக்குப் பூச்சி புகாத வலை இருக்கிறதா, கதவு இரட்டைக் கதவா, உள்ளேயே பழைய தக்காளிச் செடி ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். பல ஊர்களுக்கு ஊசிப்புழு முதலில் நாற்றோடுதான் வந்திருக்கிறது. மண்டியிலிருந்து வரும் காலி கிரேட்டைக் கொல்லைக்குள் கொண்டுபோவதற்கு முன் கழுவி வெயிலில் காயவைப்பதும் பெரிய வேலையில்லை.

2018இலிருந்து நாங்கள் ஐந்து பேர், அடுத்தடுத்த கொல்லைக்காரர்கள், ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். யார் எப்போது முடிக்கிறார் என்று முன்கூட்டியே சொல்லிக்கொள்வோம். விலை இல்லாமல் ஒருவர் விட வேண்டி வந்தால் மற்ற நாலு வீட்டிலிருந்தும் ஆள் போய் ஒரே நாளில் பிடுங்கிவிடுவோம். பிடுங்கும் கூலியை அவர் தலையில் போடுவதில்லை. ஐவரில் இருவர் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள், ஒருவருடைய நிலம் பாதி ஆந்திராவில் இருக்கிறது. ஊசிப்புழு இப்போதும் வருகிறது, ஒவ்வொரு பங்குனியிலும் பொறியில் விழுகிறது. ஆனால் முழுக் கொல்லை போனது அதன் பிறகு எங்களில் யாருக்கும் இல்லை, மருந்துச் செலவும் பாதிக்குமேல் குறைந்தது.

உங்கள் ஒன்றரை ஏக்கரில் இந்த வாரம் செய்ய வேண்டியது இது. நாளைக்கே புழுப் பிடித்த கீழ் இலைகளையும் காய்களையும் பறித்து மூட்டை கட்டி மூடுங்கள். இதுவரை அடித்த நாலு டப்பாவையும் எடுத்து எந்தக் குழு என்று பாருங்கள், வேறு குழுவில் ஒன்றைப் பறிப்பு முடிந்த மாலையில் அடியுங்கள். பொறி வையுங்கள். அப்புறம் காற்று போகும் பக்கத்தில் இருக்கும் கொல்லைக்காரரிடம் போய், அவர் எந்தத் தேதியில் நாற்று நடப்போகிறார் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அந்தத் தேதிக்கு மூன்று வாரம் முன்பே உங்கள் செடி தாளுக்கு அடியில் போய்விட வேண்டும்.